அரும்புப் பாய்

கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த பள்ளியில், ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்புவரை எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறையில், என் ஒருத்தியின் பொறுப்பில் இருந்தார்கள். வயதைப் பார்க்காமல் வாசிப்பைப் பார்த்து மூன்று பாய்களில் உட்கார வைக்க வேண்டும். எழுத்து தெரியாதவர்கள் அரும்பு, சொற்களைப் படிப்பவர்கள் மொட்டு, கதை படிப்பவர்கள் மலர். காகிதத்தில் அழகான ஏற்பாடுதான். மூன்று பாயும் ஒரே நேரத்தில் கத்தும்போது எனக்குத் தலை கிறுகிறுத்துவிடும்.

அரும்பில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். அப்பா விசைப்படகில் போகிறவர். ஜூனில் அவளுக்கு எழுத்துகூடத் தெரியாது. தீபாவளிக்குள் கதை படித்துவிட்டாள். கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்த புத்தகங்களை, மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துத் தீர்த்தாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால் என்னைக் கைகாட்டுவாள். அதில் பாதிதான் உண்மை.

ஆனாலும் நான் அவளை மலருக்கு மாற்றவில்லை. காரணத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அவள் அரும்புப் பாயில் இருந்தால் வாண்டுகள் அடங்கி இருந்தன. ஒருவனுக்கு மூக்கைத் துடைத்துவிடுவாள், இன்னொருத்தியின் விரலைப் பிடித்து மணலில் எழுத வைப்பாள். நான் மற்ற இரண்டு பாய்களையும் நிம்மதியாகப் பார்க்கலாம். அடுத்த வாரம் மாற்றுகிறேன், அடுத்த வாரம் மாற்றுகிறேன் என்று அவளுக்குப் போக்குக் காட்டிக்கொண்டே இருந்தேன்.

பெற்றோர் கூட்டத்துக்கு முதல் நாள் என் மேசையருகே வந்து நின்றாள்.

"டீச்சர், நாளைக்கு நைனா வர்றாரு. என்ன மலர்ல குந்த வைங்க. எனுக்குப் படிப்பு வரலன்னா எண்ணூர்ல அத்த வூட்டுக்கு அனுப்பிடுவேன்னு சொல்லிகினு கீறாரு. அங்க கொயந்தய பாத்துக்கணுமாம்."

சரி என்றேன். எல்லா அப்பாக்களும் இப்படித்தான் மிரட்டுவார்கள், யார் செய்யப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, கல்வி அலுவலரும் வருகிறார் என்று செய்தி வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அரும்புப் பாயில் இரண்டு குட்டிகள் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தன. தலை வாரிப் பூ வைத்து மலர்ப் பாய்க்குப் போனவளைக் கையைப் பிடித்து நிறுத்தி, இன்றைக்கு மட்டும் அரும்பிலேயே இரு என்றேன். அவள் திரும்பிப் போய் இரண்டு குட்டிகளுக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

அவளுடைய அப்பா அன்று கடலுக்குப் போகாமல், தேய்த்த சட்டையோடு வந்திருந்தார். எந்தப் பாய் எதற்கு என்று பெற்றோருக்கு நானே விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன், அலுவலர்கூடப் பாராட்டினார். மகளைத் தேடிய அப்பாவின் பார்வை அரும்பில் போய் நின்றது. கூட்டம் முடியும்வரை அவர் இருக்கவில்லை.

அதன் பிறகு நான்கு நாள் அவள் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனபோது அவளை எண்ணூருக்கு அனுப்பியிருந்தார்கள். அவளை நம்பி அத்தை வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாளாம், இனிமேல் திரும்பக் கூப்பிட முடியாது என்றார் அப்பா. நான் விடவில்லை. வகுப்பிலேயே அவள்தான் நன்றாகப் படிப்பவள், அங்கிருக்கும் எல்லாக் கதைகளையும் படித்து முடித்தவள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் கோபப்படாமல் முழுதாகக் கேட்டார்.

"அப்போ இன்னாத்துக்கு டீச்சர் அவள அங்க குந்த வெச்சீங்க?"

எனக்கு வசதியாக இருந்தது என்பதுதான் பதில். அதை விட்டுவிட்டு, அன்றைக்கு அலுவலர் வந்திருந்தார் என்று அந்த மனிதரிடம் ஆரம்பித்தேன்.