கடைசிப் பாகத்தில் கொலைகாரி யார்

நானும் என் தம்பியும் பேசாமல் இருந்த காலத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை முழுவதும் எண்களில்தான் நடந்தது. "நாற்பத்தொன்று?" என்று அவனிடமிருந்து வாட்ஸப் வரும். "பதினேழு" என்று நான் பதில் போடுவேன். நாற்பத்தொன்றாம் புதிருக்கு விடை பதினேழு என்று அர்த்தம். நன்றி, சாப்பிட்டாயா, உடம்பு எப்படி, ஒன்றும் கிடையாது. என் வீட்டுக்காரர் பாளையங்கோட்டையில் கோர்ட் குமாஸ்தா. கேஸ் நடத்துகிற அண்ணன் தம்பிகள்கூட இடைவேளையில் ஒரே கடையில் நின்று டீ குடிக்கிறார்கள், உங்களை மாதிரி ஜென்மங்களை நான் பார்த்ததில்லை என்பார்.

புதிர்கள் ஒரு வீடியோ கேம் தொடரில் வருபவை. நீளக் கோட்டு போட்ட துப்பறிவாளர் ஒருவர், அவருக்கு உதவியாளாக ஒரு பெண். பாகத்துக்கு ஓர் ஊர், ஊருக்கு ஒரு கொலை. அந்த ஊர்களில் யாரிடம் எதைக் கேட்டாலும் நேராகப் பதில் வராது. பாலம் எங்கே என்று கேட்டால், ஓநாயையும் ஆட்டையும் புல்லுக்கட்டையும் ஒரே படகில் எப்படி அக்கரை சேர்ப்பாய், அதை முதலில் சொல் என்பார்கள். பக்கத்தில் பிணம் கிடந்தாலும் இதே கதைதான். வெளியூர்க்காரர்களுக்கு இது நம்பும்படியாக இல்லாமல் இருக்கலாம். எங்கள் ஜங்ஷனில் பஸ் நிற்கிற இடத்தைக் கேட்டுப் பாருங்கள். "எந்த ஊரு, யாரு வீட்டுக்குப் போறிய, அவரு உங்களுக்கு என்ன வேணும்" எல்லாம் தீர்ந்த பிறகுதான் கை நீளும்.

கல்லூரி நாட்களில் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கையடக்க கேம் பெட்டியில் நானும் அவனும் தலையை முட்டிக்கொண்டு முதல் பாகத்தை ஆடினோம். கணக்குப் புதிர் எனக்கு, படப் புதிர் அவனுக்கு. சட்டம் ஒன்றே ஒன்றுதான். புதிருக்கு விடை சொல்லலாம், கொலைகாரர் யார் என்பதை மட்டும் முந்திப் பார்த்தவர் வாய் திறந்து சொல்லக்கூடாது. மற்ற எல்லா விஷயத்திலும் ஓட்டைவாயான அவன் இந்தச் சட்டத்தை மட்டும் மீறியதே இல்லை.

அப்புறம் அவன் கூடங்குளம் பக்கம் வேலைக்குப் போய், அங்கேயே வீடும் கட்டினான். எங்கள் பக்கம் புதுவீட்டுப் பால் காய்ச்சுக்குக் கூடப்பிறந்தவளைக் கூப்பிடுவது என்றால், புருஷனும் பொண்டாட்டியும் நேரில் வர வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை வைத்துக் கொடுத்துவிட்டு, காபி குடித்து, "முந்தின நாளே வந்துரணும்" என்று வாயால் சொல்ல வேண்டும். இவன் குடும்பக் குரூப்பில் ஒரு வீடியோ போட்டான். நாதஸ்வரம் ஒலிக்க ஒரு பசுமாடு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடந்து போகும், அதன் முதுகுக்கு மேல் முகூர்த்த நேரம் ஓடும். அந்தக் குரூப்பில் எப்படியோ நுழைந்துவிட்ட சிலிண்டர் போடுகிற அண்ணாச்சிக்கும் அதே அழைப்பு, எனக்கும் அதே அழைப்பு. நான் போகவில்லை. அண்ணாச்சி போய்வந்ததாகக் கேள்வி.

என் மகளுக்குக் காது குத்து வந்தது. நானும் ஒரு வீடியோ செய்து அதே குரூப்பில் போட்டேன். மாட்டுக்குப் பதில் மயில், அவ்வளவுதான் வித்தியாசம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் வரவில்லை. ஏரலிலிருந்து வந்திருந்த ஒன்றுவிட்ட தம்பியைப் பிடித்து உட்காரவைத்தோம். முன்பின் தெரியாத மடியில் பிள்ளை ஊரைக் கூட்டிவிட்டாள். பந்தியில் இருந்தவர்கள் ரசத்தை உறிஞ்சியபடி, "தம்பி வரலியா" என்று இலைக்கு இலை கேட்டார்கள். லீவு கிடைக்கவில்லை என்றேன். காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிற தூரத்தில் இருக்கிறவனுக்கு லீவு கிடைக்கவில்லை.

அதோடு பேச்சு நின்றது. அடுத்த பாகம் வெளியானபோது ஒரு புதிரில் மாட்டிக்கொண்டு அவன்தான் முதலில் கேள்விக்குறி போட்டான். நான் எண்ணை மட்டும் அனுப்பினேன். இப்படியாக வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு ஒருநாள், வருகிற பாகமே கடைசி என்று அறிவித்துவிட்டார்கள். இணையம் முழுக்க ரசிகர்கள் கண்ணீர் விட்டார்கள். எனக்கு வந்தது பயம். இதுவும் முடிந்துவிட்டால் எதைச் சாக்கிட்டு அவனுக்கு எண் அனுப்புவது? பிறகு எங்களுக்குள் மிஞ்சுவது குரூப்பில் வருகிற ரோஜாப்பூ காலை வணக்கம் மட்டும்தான். "ஒரு போனப் போட்டா கொறைஞ்சா போயிருவ?" என்றார் வீட்டுக்காரர். மூத்தவள் நான், அவன் பேசட்டும் என்றேன்.

ஆகவே கடைசிப் பாகத்தை வேண்டுமென்றே பைய, இழுத்து இழுத்து ஆடினேன். போட்டு முடித்த புதிருக்கும் அவனிடம் விடை கேட்டேன். கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறவள், ஆறாம் வகுப்புப் பிள்ளை விரல்விட்டுப் போடுகிற கணக்குக்குக் கேள்விக்குறி அனுப்பினேன். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. ஏணியில் எத்தனை படி என்று எண்ணிச் சொல்கிற புதிருக்கெல்லாம் என்னிடம் விடை கேட்டான். பெரிய பெரிய மெஷினுக்கெல்லாம் ரிப்பேர் பார்க்கிற இன்ஜினியர் அவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. அதில் எண் இல்லை. "கொன்னது அந்த உதவியாளு பொண்ணுதான்" என்று இருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முதல் பாகத்திலிருந்து அந்தப் பெண்ணோடு கூடவே நடந்தவள் நான். மீன் கையை முந்தானையில் துடைத்துவிட்டு அவனைக் கூப்பிட்டேன். ஒரே ரிங்கில் எடுத்தான்.

"ஏலே, உனக்கு அறிவிருக்கா? கடைசிப் பாகத்துலயா கொண்டு இப்படிச் செய்வ? ஒன்ன மாதிரி ஒருத்தன நான் எங்கயும் பாக்கல" என்று ஆரம்பித்தேன். வாய் நிற்கவில்லை. உதவியாளர் பெண்ணில் தொடங்கி, பசுமாட்டுக்குப் போய், பந்தியில் ஒவ்வொரு இலையிலும் நான் சொன்ன பொய்க்கு வந்து, யாரோ ஒருத்தன் மடியில் பிள்ளை அழுத அழுகையைச் சொல்லும்போது மூச்சு வாங்கியது. வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் அவன் "ம்" கொட்டிக்கொண்டிருந்தான்.

நான் நிறுத்தியதும், "அக்கா, நான் இன்னும் பாதி கூடத் தாண்டல. யாரு கொன்னான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

"பொறவு எதுக்குலே அப்படி அனுப்புன?"

"வேற என்னத்த அனுப்புனாலும் நீ நம்பரத்தான அனுப்புத. ஏசுததுக்காவது கூப்புடுவியேன்னு பாத்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அது அவனுக்குக் கேட்டுவிடக்கூடாது என்று, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் ஏச ஆரம்பித்தேன்.