தோள்பட்டிக்கு நான் போட்ட தையல்

எங்கள் தீவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம் வக்குவா ஊர்ச் சந்தைக்குப் பின்னால் எனக்கு ஒரு சிறிய தையல் கடை இருந்தது. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. பக்கத்துப் படைமுகாமிலிருந்து படையாட்களின் உடுப்புகள் தைக்க வரும்.

அந்தப் படையில் நம் தமிழர் ஒருவர் அதிகாரியாக இருந்தார். செமின் கிரனியே ஊரில் கரும்பு வெட்டுகிறவரின் மகன். தெற்கே ஒரு தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது, கூட்டத்தைச் சுடும்படி உத்தரவு வந்தது. அவரோ தம் ஆட்களிடம் தோட்டாக்களைக் கழற்றிக் கீழே போடச் சொன்னார். அன்று மாலையே அவரைக் காவலில் வைத்தார்கள். அணிவகுப்பில் எல்லார் முன்னும், பெரியவர் என்று நாங்கள் சொல்லும் முகாம் தலைவரே, பதவியைக் காட்டும் தோள்பட்டிகளைப் பிடுங்கி அவரை விரட்டுவது என்று முடிவாயிற்று.

அதற்கு முதல் நாள் சார்ஜென்ட் அந்த அதிகாரியின் சட்டையோடு என் கடைக்கு வந்தார். எகிப்தில் சண்டைக்குப் போய் வந்த வயதான மனிதர்.

“தாயேர்,” என்றார். கிரியோலில் தையல்காரனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். “பட்டி ரெண்டையும் பிரிச்சுட்டு ரெண்டே தையல் போடு. பெரியவர் இழுத்தா கையோட வரணும்.”

“சரிங்க மிசே.”

அவர் போனதும் பெல்ட் தைக்கிற மெழுகு நூலை எடுத்தேன். இரட்டையாகக் கோத்து, அடியில் கித்தான் வைத்து, சுற்றிலும் நெருக்கித் தைத்தேன். பெரியவர் இழுத்து இழுத்துத் தோற்கட்டும் என்று நினைத்தேன். அதுவரை நான் யாரையும் எதிர்த்து ஒன்றும் செய்ததில்லை.

மறுநாள் தேய்த்த உடுப்புகளைக் கொடுக்கப் போய் முகாம் வாசலருகே நின்றேன். அதிகாரியின் தகப்பனாரையும் வரவழைத்து முன்னால் நிறுத்தியிருந்தார்கள்.

பெரியவர் இடது பட்டியை இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெரியவரின் முகம் கறுத்தது. பிறகு அவரும் சிரித்தார்.

“உங்கம்மா தச்சாளா? இவ்வளவு ஆசையா?”

பட்டியைப் பிடித்தபடியே அதிகாரியை மாட்டை இழுப்பதுபோல் மைதானத்தைச் சுற்றி நடத்தினார். முழங்காலில் விழுந்தவரை எழுப்பி மறுபடி நடத்தினார். கடைசியில் துப்பாக்கிக் கத்தியை வாங்கி அறுத்தார். துணியோடு சதையும் அறுபட்டது. வலது தோளுக்கு வந்தபோது பெரியவர் அவசரப்படவில்லை. தகப்பனார் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வரும்போது சார்ஜென்ட் என் கையைப் பிடித்தார்.

“நான் என்ன சொன்னேன், நீ என்ன செஞ்சே? ரெண்டு தையல்னா ஒரு நொடியில முடிஞ்சிருக்கும். நிமிந்து வெளியே போயிருப்பான்.”

இரண்டு நாள் கழித்துப் பெரியவர் ஆள் அனுப்பினார். என் கைத்தையல் அவருக்குப் பிடித்துப்போயிற்றாம். இனி முகாமின் தையல் முழுவதும் எனக்கே. வந்த உடுப்பு மூட்டையை வாங்கி உள்ளே வைத்தேன்.

சில மாதம் போனபின் அந்த அதிகாரி கடைக்கு வந்தார். தலைநகரில், டிராங்கெபார் பக்கம், லாரிக்கு மூட்டை ஏற்றுகிறாராம். ஒரு சட்டை வேண்டும் என்றார். தோளில் அளவுநாடாவை வைத்ததும் உடம்பு கூசிப் பின்வாங்கினார்.

“பாத்து அண்ணே. இன்னும் வலிக்குது.” நான் நாடாவைத் தளர்த்தியதும் கேட்டார்: “முகாம் வேலை உங்களுக்கும் வருமே. அந்தப் பட்டியைத் தச்சது யாருன்னு தெரியுமா?”

“தெரியாது,” என்றேன்.

தலையாட்டிவிட்டு, அடுத்த தோளைக் காட்டினார்.