பாலைவனத்துக்கு இரண்டு குழந்தைகளும் பதினான்கு கிலோ பார்சலும்

இரண்டு சிறுபிள்ளைகளோடு துபாய்க்குப் பக்கத்துப் பாலைவனத்தில் இரண்டு இரவு தங்கலாமா என்று தேடி இந்தப் பக்கத்துக்கு வந்திருப்பீர்கள். தங்கலாம். நல்ல இடம். பிள்ளைகளுக்கு மணலை விடப் பெரிய விளையாட்டுச் சாமான் இல்லை. நாங்கள் இரண்டு இரவுக்குக் காசு கட்டி ஓர் இரவு மட்டும் தங்கினோம். அதற்குப் பாலைவனம் காரணமில்லை. கொழும்பில் நாங்கள் இருக்கிற வெள்ளவத்தைதான் காரணம். அதைவிடப் பெரிய காரணம் நான். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபம் ஆறட்டும் என்று பார்த்திருந்தால் இந்தக் கட்டுரை வரவே வராது.

என் மனைவி தர்சினிக்குப் பிப்ரவரியில் திரும்ப வேலை தொடங்க இருந்தது. மகள் ஓவியாவுக்கு மூன்றரை வயது, மகன் ஆரனுக்கு ஒன்றரை. அவன் பிறந்ததிலிருந்து தர்சினி ஒரு மத்தியானம்கூட ஒழுங்காகப் படுத்தெழும்பவில்லை. வேலைக்குப் போக முதல் இரண்டு நாள் ஓய்வு, திட்டம் இவ்வளவுதான். ஜனவரி கடைசியில் அங்கே பகலில் இருபத்துநாலு, இருபத்தைந்து பாகை, இரவில் பதின்மூன்று. கொழும்பு வியர்வையில் இருந்து போகிறவர்களுக்கு அது சொர்க்கம். விசா, டிக்கெட், மணல் நடுவே சின்ன மரவீடு, அங்கே கொண்டுபோய்விட ஒரு வான் வண்டி எல்லாவற்றையும் மூன்று வாரத்துக்கு முன்பே பதிந்தேன். மரவீடு ஓர் இரவுக்கு 640 திர்ஹம், இரத்துச் செய்தால் திருப்பித் தரமாட்டார்கள்.

பிழை ஒன்று விட்டேன். போகிற தேதியை அம்மாவிடம் சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா கோயிலுக்குப் போய் வந்தார். சனிக்கிழமை காலை எங்கள் அடுக்குமாடியின் கதவு மணி அடிக்கத் தொடங்கியது. வெள்ளவத்தையில் இருந்து வெளிநாடு போகிறவனின் பெட்டி ஊர்ப் பொதுச் சொத்து. யாருடைய மகளாவது, மருமகனாவது அங்கே இருப்பார்கள். "சின்னப் பார்சல்தான் தம்பி" என்று சொல்லித்தான் தருவார்கள். முதலாம் மாடிப் பெரியம்மா மூன்று கிலோ வறுத்த மிளகாய்த்தூளும் பனங்கிழங்கு ஒடியல் மாவும் தந்தார். ஷார்ஜாவில் இருக்கிற அவருடைய மகள் வசந்தி அக்காவுக்கு. கொட்டாஞ்சேனையில் இருந்து தர்சினியின் மாமி ஓட்டோவில் பருத்தித்துறை வடை அனுப்பினார். இன்னொருவர் பத்திரிகைத் தாளில் சுற்றிய முருங்கைக்காயோடு வந்தார். முருங்கைக்காய்! மொத்தம் ஐந்து பார்சல், 14.2 கிலோ. நிறுத்துப் பார்த்தேன்.

எங்களுடையது மலிவு டிக்கெட், பெரியவருக்கு இருபது கிலோ. ஆரனுக்கான இலவச அனுமதியில் தள்ளுவண்டி போகும். பிள்ளைகளைக் காரில் இருத்திக் கட்டுகிற ஆசனம் எங்களிடம் இரண்டு இருந்தது, இரண்டும் சேர்ந்து பதினொரு கிலோ. அவற்றையும் கணக்கில் போட்டுத்தான் உடுப்பைக் குறைத்து அடுக்கியிருந்தோம். இப்போது ஒன்றில் ஆசனம், இல்லையென்றால் பார்சல்.

"ஆரும் கார் சீட்டைத் தூக்கிக்கொண்டு பிளேன் ஏறுவினமோ? உன்னை நான் மடியில வச்சுத்தானே யாழ்ப்பாணம் வரைக்கும் கொண்டு போனனான்?" என்றார் அம்மா.

"அது பிழை அம்மா."

"பிழை எண்டா நீ இப்ப இருப்பியோ? பெரியம்மாவிட்ட நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். என்ர முகத்தில கரி பூசாதை."

நான் இயந்திரவியல் படித்தவன். கொள்ளுப்பிட்டியில் ஒரு லிப்ட் கம்பனியில் வேலை. நிறை கூடினால் லிப்ட் கதவு மூடாது, யாராவது ஒருவர் இறங்கத்தான் வேண்டும். வாடிக்கையாளர்களிடம் தினமும் இதைச் சொல்கிறவன், வீட்டில் என் பிள்ளைகளின் ஆசனங்களை இறக்கினேன். வான் கம்பனிக்கு எழுதிக் கேட்டேன். இரண்டு ஆசனமும் தருவோம் என்று பதில் வந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

வியாழன் காலை 5.30க்கு வெள்ளவத்தையில் இருந்து கிளம்பினோம். கட்டுநாயக்க விமான நிலையம் ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர், அந்த நேரத்தில் ஒரு மணித்தியாலம். விமானம் 10.05க்கு, பயணம் 4 மணி 50 நிமிடம், அங்கத்தைய நேரம் பகல் 1.25க்கு இறங்கினோம். பிள்ளைகளோடு போகிறவர்கள் காலை விமானத்தையே எடுங்கள். ஆரன் இரண்டு மணித்தியாலம் நித்திரை, மிச்ச நேரம் முன் ஆசனக்காரரின் தலைமயிரைப் பிடித்திழுத்தான். அந்த இரவு துபாய் தேராவில் ஒரு சாதாரண ஹோட்டல், 230 திர்ஹம், சுத்தம். நாலு பார்சல்காரரும் மாலையே வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவர்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு சொக்லட் கொண்டுவரவில்லை என்பதையும் இங்கே பதிகிறேன்.

ஐந்தாவது பார்சல் வசந்தி அக்காவுடையது.

"தம்பி, இவருக்கு இண்டைக்குக் கார் இல்லை. நாளைக்குக் காலமை நீங்கள் ஒருக்காக் கொண்டு வந்து தரேலுமோ? கிட்டத்தான்."

கிட்டத்தான். பதினைந்து கிலோமீற்றர். எங்களுக்கு வான் வெள்ளி காலை 11 மணிக்கு. எட்டரைக்கு வெளிக்கிட்டால் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டு டாக்சி பிடித்தேன். எங்கேயோ விபத்து, பாதை நிறைய வாகனம், ஒரு மணி பத்து நிமிடம் போனது. 58 திர்ஹம். ஏழாம் மாடி. கதவைத் திறந்த அக்கா பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஐயோ, இதெல்லாம் எங்கட கட்டடத்துக்குக் கீழ இருக்கிற கடையிலயே கிடக்கு தம்பி. அனுப்பாதைங்கோ எண்டு அம்மாட்ட எத்தினை தரம் சொல்லிப்போட்டன். கேட்டாத்தானே!"

நான் கிளம்பத் திரும்பினேன்.

"நில்லுங்கோ, இடியப்பம் அவிச்சனான். சாப்பிடாமல் போனால் அம்மா என்னைத்தான் பேசுவா."

நானும் நின்றேன். நின்று சாப்பிட்டேன். மரியாதை. முப்பத்தைந்து நிமிட மரியாதை. திரும்புகிற வழியில் பாதை இன்னும் மோசம். ஹோட்டலுக்கு வந்தபோது 11.50. ஆசனங்கள் பூட்டிய வான் அரை மணித்தியாலம் நின்றுவிட்டு வேறு ஆட்களை ஏற்றப் போய்விட்டது. கம்பனியில் பிழை சொல்ல எனக்கு வாய் இல்லை.

மாற்று வான் 2 மணிக்கு வந்தது. சாரதி ரிஸ்வான் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் நானா என்போம்), கொழும்பு மாளிகாவத்தைக்காரர், பதினொரு வருடமாக அங்கே ஓட்டுகிறார். எங்கள் தமிழைக் கேட்டதும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. வானுக்குள் எட்டிப் பார்த்தேன். ஆசனம் இல்லை.

"சீட் இதில இல்ல சேர். அவசரத்துக்கு என்னைய அனுப்பினாங்க. சீட் உள்ள வான் அஞ்சு மணிக்குத்தான் திரும்பும். பொலிஸ் கண்டா எனக்கும் ஃபைன்தான், நீங்க சொல்ற மாதிரி செய்வோம்."

"அஞ்சு மணி வரைக்கும் நிப்பமே" என்றாள் தர்சினி.

ஐந்துக்குக் கிளம்பினால் போய்ச் சேர இருட்டிவிடும். அன்றைய மணல், அன்றைய சூரியன், கட்டிய 640 திர்ஹத்தில் பாதி எல்லாம் போய்விடும். ஓவியா வரவேற்பறைத் தரையில் கிடந்து கத்திக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுமை என்பது பிறப்பிலேயே இல்லை. சொன்னது நான்தான். "ஒரு மணித்தியாலம்தானே. மடியில வச்சிருப்பம்."

மூன்று மணிக்குக் கொஞ்சம் பிந்தி, பெரிய பாதையில் இருந்து பிரிந்து மணல்மேட்டுப் பாதையில் போய்க்கொண்டிருந்தோம். நானா அறுபதில்தான் ஓட்டினார். அவரில் ஒரு பிழையும் இல்லை. வலதுபக்க மேட்டில் இருந்து இரண்டு ஒட்டகம் ஒன்றன்பின் ஒன்றாகப் பாதைக்கு இறங்கின. அவர் பிரேக்கை மிதித்தார். ஓவியாவுக்குக் குறுக்கே என் கை இருந்தது, அவள் நெஞ்சு அதில் அடிபட்டு நின்றது. ஆரன் தர்சினியின் கையில் இருந்து வழுகிப் போய் முன் ஆசனத்தின் பின்பக்கத்தில் முகத்தால் மோதினான். ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு கத்தினான். வாயெல்லாம் இரத்தம்.

"யா அல்லாஹ்! புள்ளைக்கு என்ன?" என்று நானா இறங்கி ஓடி வந்தார். ஒட்டகங்கள் இரண்டும் ஆறுதலாகப் பாதையைக் கடந்து போயின.

வானைத் திருப்பி இருபது நிமிடம் ஓடி ஒரு கிளினிக்குக்குப் போனோம். மேலுதடு வெடித்திருந்தது, தையல் தேவையில்லை. மேல்முன்பற்கள் இரண்டு ஆடின. வாந்தி வருகிறதா என்று இரவு முழுக்கப் பார்க்க வேண்டும், நகரத்தை விட்டுப் போகக்கூடாது என்றார் மருத்துவர். கட்டணம் 450 திர்ஹம். எழுதி முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார், பிள்ளை ஆசனத்தில்தானே இருந்தான் என்று. அந்த நாட்டில் நாலு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஆசனம் கட்டாயம். எனக்கு அது தெரியும்.

வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தபோது தர்சினி தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தனான். இறுக்கித்தான் பிடிச்சனான்."

அதைத்தான் எனக்குத் தாங்க முடியவில்லை. அவளுக்கு விளங்கப்படுத்தினேன். இது மோதல்கூட இல்லை, வெறும் பிரேக். வெறும் பிரேக்கிலேயே பதினொரு கிலோப் பிள்ளையை ஒன்பது கிலோ விசை முன்னுக்கு இழுக்கும். சொல்லாமல் கொள்ளாமல் வருகிற அந்த இழுப்பை யாராலும் பிடிக்க ஏலாது. ஐம்பதில் போய் எதிலாவது மோதினால் அதுவே நூற்றைம்பது கிலோவைத் தாண்டும். உலகத்தில் எந்தத் தாயின் கையும் அதைப் பிடிக்காது, உன்னில் பிழையில்லை என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "இவ்வளவு கணக்கும் தெரிஞ்ச ஆள் ஏன் சீட்டைக் கழட்டி வச்சீங்கள்?"

பெரியம்மாவில் கோபப்பட்டேன், அம்மாவில் கோபப்பட்டேன், சிரித்த வசந்தி அக்காவில் கோபப்பட்டேன். அவர்களில் எனக்கு இன்னும் கோபம்தான். ஆனால் ஆசனங்களைத் தூக்கிக் கொண்டுபோய் அலுமாரிக்கு மேலே வைத்த கை என்னுடையது.

அன்றிரவு தேரா ஹோட்டலிலேயே ஆரன் நன்றாக நித்திரை கொண்டான், வாந்தி இல்லை. சனி காலை மருத்துவர் மறுபடி பார்த்துப் போகலாம் என்றார். பத்து மணிக்குக் கடை திறந்ததும் இரண்டு ஆசனம் வாங்கினேன், ஒன்று 290 திர்ஹம். ரிஸ்வான் நானா லீவு நாளிலும் தானாகவே வந்தார். ஆசனத்தை நான் பூட்டப் பூட்டப் பார்த்துக்கொண்டு நின்றவர், "எனக்கும் ஊரில ஒரு பேரன் ஈக்கிறான் சேர். இது எப்படிப் பூட்ற எண்டு மறுகா ஒருக்காக் காட்டுங்க" என்றார். மூன்று தரம் காட்டினேன்.

12.40க்கு மரவீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம், ஹோட்டலில் இருந்து 63 கிலோமீற்றர். சிறுபிள்ளைகளோடு போகிறவர்களுக்கு: மத்தியானம் பன்னிரண்டில் இருந்து மூன்றரை வரை வீட்டுக்குள் இருங்கள், குளிர்காலத்திலும் அந்த வெயில் கண்ணைக் குத்தும். மூன்றரைக்குப் பிறகு மணல் சுடாது, வெறுங்காலோடு விடலாம். மணல்மேட்டில் ஜீப்பைத் தூக்கித் தூக்கி ஓட்டுகிற சவாரி பிள்ளைகளுக்குச் சரிவராது, எவ்வளவு சலுகை சொன்னாலும் ஏறாதீர்கள். இரவுக்குக் கம்பளிச் சட்டையும் காலுறையும் வேண்டும். பிள்ளைகளுக்கு உறைப்பில்லாமல் சோறும் பருப்பும் கேட்டால் செய்து தருகிறார்கள்.

தர்சினி இரண்டு மணி நாற்பது நிமிடம் தூங்கினாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பிள்ளைகள் இரண்டையும் வெளியே கொண்டுபோய்க் குழி தோண்டினோம். ஆரன் வீங்கின உதட்டோடு மணலைத் தின்னப் பார்த்தான். தூரத்தில் ஓர் ஒட்டகம் நின்றது.

"அப்பா, அந்த ஒட்டகமோ தம்பியை அடிச்சது?" என்று கேட்டாள் ஓவியா.

"இல்லை அம்மா."

"அப்ப ஆர்?"

"அப்பாதான்."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு என் காலில் மணலைக் கொட்டினாள். அது தண்டனையோ விளையாட்டோ தெரியவில்லை.

அன்று மாலை வசந்தி அக்கா கோல் எடுத்தார்.

"தம்பி, அம்மாவுக்கு ஒரு சின்னப் பார்சல். பால்மா ரெண்டு பெட்டியும் கொஞ்சம் பேரீச்சம்பழமும். அஞ்சு கிலோ வராது."

"நிறை இல்லை அக்கா."

"போகேக்க இருந்த இடம் வரேக்க இல்லையோ?"

"போகேக்கயும் இருக்கேல்லை. பிள்ளையளின்ர சீட்டைக் கழட்டி வச்சிட்டுத்தான் உங்கட பார்சலுக்கு இடம் எடுத்தனான்."

"உங்கட அம்மா இப்பிடிச் சொல்ல மாட்டா."

"ஓம் அக்கா, சொல்ல மாட்டா. நான் சொல்லுறன்." போனை வைத்தேன்.

ஞாயிறு பின்னேர விமானத்தில் திரும்பினோம், இரண்டு ஆசனத்தோடும். பெரியம்மா இப்போது மாடிப்படியில் என்னைக் கண்டால் சுவரைப் பார்க்கிறார். அம்மா இரண்டு நாள் கதைக்கவில்லை. ஆரனின் வாயைத் திறந்து காட்டிய பிறகு மூன்றாம் நாள் கதைத்தார், பார்சலைப் பற்றி இல்லை.

நீங்கள் போவதென்றால் இப்படிச் செய்யுங்கள். பிள்ளைகளின் ஆசனத்தை முதலில் நிறுங்கள், பிறகு உடுப்பு, மிச்சம் இருந்தால் மிச்சத்துக்கு வேறு ஏதாவது. வானில் ஆசனம் இல்லையென்றால் ஐந்து மணி வரை நில்லுங்கள். இருட்டில் போய்ச் சேருங்கள். பாலைவனம் அங்கேயேதான் இருக்கும். யாராவது பார்சல் கொண்டுவந்தால், முகத்தைப் பார்த்து ஏலாது என்று சொல்லுங்கள். சொல்லுவது கஷ்டம்தான். எனக்கு முப்பத்திரண்டு வயதாகியும் அது வரவில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

நேற்று இங்கே ஒரு பல் வைத்தியரிடம் ஆரனைக் காட்டினோம். ஒரு பல் உறுதியாகிவிட்டது, மற்றது கறுக்கத் தொடங்கியிருக்கிறது. உள்ளே இருக்கிற நிரந்தரப் பல்லுக்கு ஏதும் நடந்திருக்கிறதா என்பது, அவனுக்கு ஆறேழு வயதில் அது முளைக்கும்போதுதான் தெரியுமாம். வைத்தியர் சொல்லும்போது தர்சினி மறுபடி தன் கைகளைப் பார்த்தாள்.

இன்னும் ஐந்து வருடம். அந்தப் பல் வெள்ளையாக முளைத்தால் வந்து இங்கே ஒரு வரி சேர்க்கிறேன்.