அப்புச்சிக்கு வைத்த படையல்

பொய் சொன்னால் நாக்கில் சூடு வைப்பேன் என்று மிரட்டியே என்னை வளர்த்தவள் அம்மா. அந்த அம்மாவைப் பெற்ற அப்புச்சி, மூன்று பேர் முன்னால் வைத்து ஒரு பொய் சொன்னார். அம்மா வாயைத் திறக்கவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார். நான் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன மாமன். ஆடி அமாவாசைக்கு அவருக்கு இலை போட்டு அரிசிம்பருப்புச் சோறு வைப்பாள். அப்பா வேலை செய்த கம்பெனியிலிருந்து ஒரு புதுப் பனியன் வரும். எழுத்தே தெரியாத அம்மா, அன்று மட்டும் ஒரு பேப்பர் வாங்கி இலைக்குப் பக்கத்தில் வைப்பாள். “உங்க மாமன் பேப்பர் பாக்காம சோத்துல கை வெக்க மாட்டான்” என்பாள். எப்படிச் செத்தார் என்று கேட்டால், “போயி வெளையாடு அம்முணி.”

பள்ளிக்கூடம் போகும் வழியில் தொழிற்சங்க ஆபீஸ். அதன் வாசலில் புதிதாக ஒரு கல் நட்டார்கள். சங்கத்துக்குத் தடை இருந்த காலத்தில் போலீஸ் அடித்துக் கொன்றவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. மூன்றாவது பெயர் மாமனுடையது. பக்கத்திலேயே சேவூர் என்று எங்கள் பழைய ஊரும் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில் வேறு எவளுடைய மாமன் பெயர் கல்லில் இருக்கிறது?

உள்ளே போய்ச் சொன்னேன். கண்ணாடி போட்ட சங்கத் தலைவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். “உங்க ஊட்டுல ரெண்டு தடவ கேட்டாச்சு கண்ணு. அவரப் பெத்தவங்க கையால கொடியேத்தோணும்னு ஆசை. அப்படி ஒருத்தரத் தெரியவே தெரியாதுன்னுட்டாங்க.”

“இல்லீங்க, அமாவாசைக்கு வந்து பாருங்க” என்றேன்.

தலைவரும் சங்கத்து ஆட்கள் இருவரும் வந்துவிட்டார்கள். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. “ஏனுங்க, இந்தப் படையல் யாருக்குங்க?” என்று தலைவர் கேட்டார். அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கட்டிலில் கிடந்த அப்புச்சிதான் எழுந்து வந்தார்.

“எனக்குத்தானுங்க. நான் பையன் இல்லாதவன். செத்தா யாரு படைப்பாங்க? அதுதான் உசுரோட இருக்கறப்பவே புள்ளைய வெக்கச் சொல்லித் தின்னுக்கறனுங்க.”

சொன்னதோடு விடவில்லை. இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து வாயில் போட்டார். அம்மா தண்ணீர் நீட்டினாள். ஒரு வாய் சோறு, ஒரு வாய் தண்ணீர். உயிரோடிருக்கிற மனிதர் தனக்கே வைத்த படையல் என்று செத்தவருடைய சோற்றை உண்பதை அன்றுதான் பார்த்தேன். தலைவர் இலைக்குப் பக்கத்தில் இருந்த பேப்பரைப் பார்த்தார். பிறகு அப்புச்சியைக் கும்பிட்டுவிட்டு மற்ற இருவரோடும் போனார். அவர் ஏன் கும்பிட்டார் என்பதும் எனக்கு விளங்கவில்லை.

“பொய், பொய்” என்று நான் அழுதேன். யாரும் என்னை அடிக்கவில்லை, அதட்டக்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கல்லில் இருப்பது என் மாமன் என்று வகுப்பெல்லாம் சொல்லி வைத்திருந்ததால், பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் என்னைப் புளுகுணி என்றே கூப்பிட்டார்கள். அந்த ஆத்திரத்தில் அப்புச்சியோடு நெடுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புச்சி செத்துப்போன பிறகு அப்பா சொன்னார். மாமனுக்குச் சோறு போட்டு ஒளித்து வைத்தார் என்ற சந்தேகத்தில் அப்பாவையும் பிடித்து ஸ்டேஷனில் வைத்திருந்தார்களாம். அங்கேயே மாமனின் பிணத்தைக் கிடத்தி, அம்மாவையும் அப்புச்சியையும் கூட்டிவந்து, உங்கள் ஆளா என்று கேட்டார்களாம். ஆமாம் என்றால் அப்பாவும் திரும்பமாட்டார். “எங்க பையன் இல்லீங்க” என்று அப்புச்சி சொன்னார். அம்மா தலையாட்டினாள். கேட்பாரில்லாத பிணம் என்று போலீஸே எரித்துவிட்டது. அதன் பிறகுதான் சேவூரை விட்டுத் திருப்பூருக்கு வந்திருக்கிறார்கள்.

போலீசுக்குப் பயந்துதான் மறைக்கிறார்கள் என்று அந்த ஒன்பது வயதில் நினைத்துக்கொண்டேன். ஆனால் சங்கத்தின் தடை நீங்கி அப்போதே எத்தனையோ வருடம் ஆகியிருந்தது, பயப்பட ஒன்றுமில்லை. பிணமாகக் கிடந்தபோது எங்க பையன் இல்லை என்றவர்கள், கல்லில் பெயர் வந்த பிறகு எங்க பையன்தான் என்று எந்த முகத்தோடு போய்க் கொடியேற்றுவார்கள்?