எங்கள் குரல் பிரிந்த வருஷம்

நானும் என் தம்பியும் இரட்டைப் பிள்ளைகள். நான் முதலில் வந்ததால் அக்கா ஆனேன், அவ்வளவுதான். பாலக்கரை வீட்டில் அடுத்த அறையிலிருந்து எங்களில் யார் பேசினாலும் எந்தப் பிள்ளை பேசுகிறது என்று அம்மாவுக்கே பிடிபடாது. "யாருடி அது, யாருடா அது?" என்று இரண்டையும் சேர்த்தே கேட்பாள். நாங்கள் வேண்டுமென்றே மாற்றிச் சொல்வோம். அவன் செய்ததற்கு நான் திட்டு வாங்கியிருக்கிறேன். என் பங்கு முறுக்கை, தான்தான் அக்கா என்று சொல்லி அவன் வாங்கித் தின்றிருக்கிறான்.

எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஸ்ரீரங்கத்தில் வளையல் கடை. லீவு நாளில் அத்தாவுக்கு மத்தியானச் சோற்றை நாங்கள் இருவரும் பஸ்ஸில் கொண்டுபோவோம். காவிரிப் பாலம் வந்ததும் ஒரே ஜன்னலில் இரண்டு தலையும் இருக்கும். காற்றுக்கு எதிராகக் கத்துவோம். நான் பாதி வார்த்தை சொன்னால் மீதியை அவன் சொல்வான். "ஒண்ணோட வாயை மூடுனா போதும், ரெண்டும் அடங்கிரும்" என்பார் கண்டக்டர்.

ஐந்தாம் வகுப்பு முடிந்த லீவில் நான் வயசுக்கு வந்தேன். எங்கள் குடும்பத்தில் அந்தக் காலத்தில் அதோடு பள்ளிக்கூடம் நின்றுவிடும். முன்கட்டுக்கும் உள்கட்டுக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை தொங்கியது. வெளி ஆண்கள் வாசலில் நின்று தொண்டையைச் செருமுவார்கள். அது கேட்டதும் பெண்கள் திரைக்கு உள்ளே போய்விட வேண்டும்.

அந்த வருஷம் எனக்கு மளமளவென்று உயரம் வந்தது. தம்பி என் தோளுக்குத்தான் இருந்தான். நெஞ்சில் இரண்டு பக்கமும் கட்டி மாதிரி வலித்தது. ஏதோ வியாதி, செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் குனிந்தே நடந்தேன். பெரியம்மாதான் கவனித்துவிட்டு, "வளர்ற புள்ளைக்கு அப்படித்தான்டி வலிக்கும். கெழவி மாதிரி கூன் போடாம நட" என்றாள். உயிர் திரும்பி வந்தது.

உடம்பைப் பற்றியாவது ஒரு வார்த்தை சொன்னார்கள். மனசும் வளரும் என்று யாரும் சொல்லவில்லை. அத்தா சில நாள் வாயால் மட்டும் சிரிக்கிறார் என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது. அம்மாவும் பெரியம்மாவும் சண்டை போடுவது உப்புக்காக, கோபம் இருப்பது வேறெதன் மேலோ என்று புரிந்தது. நேற்றுவரை கண்ணில் படாததெல்லாம் பட்டது. இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? ஒருத்தன்தான் இருந்தான்.

அவன் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் திரையைத் தலையால் முட்டிக்கொண்டு நேராக உள்ளே வருவான். பையைக்கூட இறக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏய், கேளுடி" என்று ஆரம்பிப்பான். ஆறாம் வகுப்புப் பாடம், வாத்தியார் நடை, பாலத்துக்குக் கீழே தண்ணீர் எவ்வளவு, எல்லாம் வரும். நான் வீட்டுக்குள் கண்டுபிடித்ததைச் சொல்வேன். "உள்ளயே உக்காந்துக்கிட்டு எப்படிடி இவ்வளவு பாக்குறே?" என்பான். எனக்கு அது பரீட்சையில் பாஸானது மாதிரி.

அவன் எட்டாம் வகுப்பு முடித்தபோது எனக்குச் சமமாக வளர்ந்திருந்தான். அந்த லீவுக்கு அவனை மருங்காபுரிக்கு, அத்தாவின் தம்பி சின்னத்தா வீட்டுக்கு அனுப்பினார்கள். லீவு முழுக்க அங்கேயே இருந்தான்.

ஒரு மத்தியானம் நான் முற்றத்தில் தலை காய வைத்துக்கொண்டிருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம், செருமல் இல்லாமல் ஓர் ஆண் குரல், "சோறு இருக்கா?" என்றது. எந்த ஆம்பளை இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது என்று பதறி, உள் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வெளியே ஒரே சிரிப்பு.

"அடியே, உன் கூடப் பொறந்தவன்டி! மாப்பிள்ளை வந்த மாதிரி ஓடுறா பாரு" என்றாள் அம்மா.

"அவ மேல என்ன தப்பு? இவன் தவளையை முழுங்கிட்டுல்ல வந்திருக்கான்" என்றாள் பெரியம்மா.

கதவைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தேன். என்னைவிட உயரமாக நின்றான். மேலுதட்டில் மை தீற்றின மாதிரி மீசை. என் பக்கம் பார்க்காமல் காலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். முன்கட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டான்.

மறுநாளிலிருந்து அவனும் வாசலில் நின்று செருமினான். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது போய், அக்காவை மரியாதையாகக் கூப்பிடும் 'லாத்தா, வாங்க போங்க' ஆயிற்று. வீட்டில் எல்லோரும் மெச்சினார்கள், பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று. நான் சாயங்காலமானால் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். அவன் பை தரையில் விழும் சத்தம் கேட்கும். சொல்ல எவ்வளவோ சேர்ந்து கிடந்தது. அவன் கேட்டால் என்ன சொல்வானோ, அதையும் நானே மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

அப்புறம் அவன் துபாய் போனான். எனக்குக் கல்யாணம் ஆயிற்று. ஃபோனில், "ஒடம்ப பாத்துக்கங்க லாத்தா" என்பான். நானும் "சரிப்பா" என்பேன். குறை சொல்ல ஒன்றுமில்லாத தம்பி.

இப்போது நான் ஸ்ரீரங்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். தம்பி துபாயை விட்டு ஊரோடு வந்துவிட்டான். சில வெள்ளிக்கிழமை தொழுகை முடித்துவிட்டு என்னைப் பார்க்க வருவான். லிஃப்ட் கதவு திறக்கும்போதே செருமல் கேட்கும். "மாமா வந்துட்டாங்க, ஹாரன் அடிக்குது" என்பாள் மருமகள்.

போன தடவை அவன் இருக்கும்போது பேரன் விளையாடிவிட்டு வந்து, என்னைப் பார்த்து "நன்னி, தண்ணி" என்றான். முதல் வார்த்தை பெரிய ஆளுடைய குரல், அடுத்தது கீச்சென்று பிள்ளைக் குரல். அவனே விழுந்து விழுந்து சிரித்தான். மருமகளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"நீயும் இப்படித்தான் வந்து நின்னே. நான் பயந்து ஓடிட்டேன். அதுலதான் எங்கிட்டப் பேச்சை விட்டியா?"

"எப்போ ஓடுனீங்க?"

சொன்னேன். அவனுக்கு அந்த மத்தியானம் நினைவிலேயே இல்லை. தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தான்.

"கோவமெல்லாம் இல்ல லாத்தா. மருங்காபுரியில சின்னத்தா தோட்டத்துல ஒரு கெணறு உண்டு. குரல் மாறுனப்ப, அதுக்குள்ள எட்டிப் பாத்து தெனம் கத்துவேன். பழைய குரல் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கான்னு. நம்ம குரல்... ரெண்டு பேருக்கும் இருந்துச்சே, அது. அடியில இருந்து யாரோ ஒரு ஆளுதான் பதில் சொன்னான். வீட்டுக்கு வந்து இந்தக் குரல்ல உங்ககிட்ட என்ன பேசுறதுன்னே தெரியல."

"எப்படிப் பேசியிருந்தாலும் கேட்டிருப்பேனே."

"அது அப்ப தெரியலையே."

முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு சோறு எடுத்து வைக்கப் போனேன்.

சாப்பிட்ட பிறகு நாற்காலியில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனான். எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். அவன் முகத்தை நின்று நிதானமாகப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று. இமையில் ஒரு சின்ன மரு வந்திருக்கிறது. காதில் வெள்ளை முடி. அந்தத் தாடிக்குள்ளே எங்காவது அந்தப் பையன் இருப்பானா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

மருமகள் வந்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சே, எழுப்பட்டா மாமி?" என்றாள்.

"வேணாம்மா. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றேன்.