எட்டாவது மாமியார்

எனக்குப் பத்தொன்பது வயதானபோது என்னை மாமியாராக்கிவிட்டார்கள்.

சிராங்கூன் சாலையை ஒட்டிய கடைவீட்டின் மாடி அறையைக் காலி செய்துவிட்டு, பிடோக்கில் அடுக்குமாடி வீட்டுக்கு நாங்கள் குடிபோன புதிது. பகலில் எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக் கம்பி ஒட்டும் வேலை. வானொலி நாடகத்துக்குப் புதுக் குரல்கள் தேவை என்ற அறிவிப்பைக் கேட்டு ஒரு சனிக்கிழமை நிலையத்துக்குப் போய் நின்றேன். மனசுக்குள் நான் கதாநாயகிதான். தயாரிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு நான் வாசித்ததைக் கேட்டார். என்னுடையது பிறவியிலேயே கட்டைக் குரல்.

"வயசு என்னம்மா?"

"பத்தொன்பது சார்."

"குரலுக்கு அம்பது இருக்கும். மாமியார் பண்ணு."

எனக்கு மருமகளாக நடித்த அக்காவுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. அவருடைய மூத்த மகன் ராணுவத்தில் தேசிய சேவையில் இருந்தான். ஆனால் மைக் முன்னால் நின்றுவிட்டால் பதினாறு வயசுப் பெண்ணாக விசும்புவார். நான் அவரை "சனியனே, மூதேவி" என்று வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, பதிவு முடிந்ததும் "அக்கா, வாங்க டீ குடிக்கலாம்" என்று கூப்பிடுவேன்.

அந்த நாடகங்களுக்கென்று சட்டதிட்டங்கள் இருந்தன. யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். காரணமில்லாமல் ஒருவரும் இருமக் கூடாது. இரண்டாம் வாரம் ஒரு தகப்பனார் இருமினால் ஐந்தாம் வாரம் அவர் போய்ச் சேர்ந்துவிடுவார். எங்கள் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், சுருட்டுப் பிரியர், காலையில் எழுந்ததும் கால்மணி நேரம் இருமுவார். வானொலிச் சட்டப்படி பார்த்தால் அவரை முப்பது தடவையாவது அடக்கம் செய்திருக்க வேண்டும். அப்புறம், ஷூ சத்தத்தோடு வருகிறவன் பணக்காரன், ஆகையால் கெட்டவன். சிலிப்பர் சத்தத்தோடு வருகிறவன் ஏழை, ஆகையால் உத்தமன். இரண்டு சத்தத்தையும் ஒரே ஆள் ஒரு பலகைமேல் உட்கார்ந்தபடி கையாலேயே போடுவார். தாலி கட்டும் நேரம் பார்த்து வாசலில் ஒருவன் "நிறுத்துங்கள்!" என்று கத்துவான். இவன் ஏன் நிச்சயதார்த்தத்துக்கே வந்து சொல்லியிருக்கக் கூடாது என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"அப்புறம் பதிமூணு வாரத்த நான் எப்படிம்மா ஓட்டுறது?" என்றார் தயாரிப்பாளர்.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், மாமியார் திருந்துவது. பன்னிரண்டு வாரம் மருமகளைப் பட்டினி போட்டு, நகையை ஒளித்துவைத்து, மகனிடம் கோள்மூட்டிக் குடும்பத்தைக் குட்டிச்சுவராக்குவாள். கடைசி வாரம் கடைசி ஐந்து நிமிடத்தில் காலில் விழுந்துவிடுவாள். அதற்காக நான் கைநிறையக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு வந்து மைக் பக்கத்தில் கையை உதற வேண்டும். அதுதான் விழுகிற சத்தம். "என்னை மன்னிச்சிடும்மா" என்று நான் அழுததும் வயலின் வரும், கதை முடிந்தது. ஏழு நாடகங்களில் ஏழு மாமியார், ஏழு பேரும் விழுந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் மாடிக்கு மாடி மாமியார்கள் இருந்தார்களே, எவள் எவள் காலில் விழுந்தாள்? எட்டாவது நாடகம் வந்தபோது தயாரிப்பாளரிடம் சண்டைக்கே போனேன். இந்த ஒருத்தியாவது விழாமல், மன்னிப்புக் கேட்காமல், கதவைச் சாத்திக்கொண்டு போகட்டும் என்று மூன்று மாதம் நச்சரித்தேன். கடைசியில் "சரி, பண்ணித் தொலை" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பேருக்குக் குறைச்சலில்லை. தேக்கா சந்தையில் கீரை வாங்கும்போது நான் வாயைத் திறந்தால் போதும், கடைக்கார அம்மாள் நிமிர்ந்து பார்ப்பார். "அடிப்பாவி, நீதானா அது?" என்பார். மற்ற எல்லாருக்கும் சும்மா கொடுக்கும் கறிவேப்பிலை எனக்கு மட்டும் வராது. நான் சிரித்துக்கொள்வேன். அம்மாவால் சிரிக்க முடியவில்லை. இந்தக் குரலைக் கேட்டபிறகு எவள் தன் மகனைக் கொடுப்பாள் என்று புலம்ப ஆரம்பித்துவிட்டாள். அப்போது எனக்கு இருபத்து நான்கு நடந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கிளமெண்டியிலிருந்து ஒரு வரன் வந்தது. எங்களைப் போல மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். மாப்பிள்ளை ஜூரோங் கப்பல் பட்டறையில் வெல்டர். அவருடைய அம்மா கணவரை இழந்தவர், மகனோடு தனியாக இருந்தார். பெண் பார்க்க வருவதற்கு முதல் நாளே அம்மா என் கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிவிட்டாள்.

"தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லிடுறேன். நீ வாயே தொறக்காத. கல்யாணம் ஆகட்டும், அப்புறம் பேசிக்கலாம்லா."

வந்தார்கள். மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தார், எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. அவர் வேலை செய்த இடத்தில் சுத்தியல் சத்தத்தைத் தவிர வேறொன்றும் காதில் விழாது, அதனால் வானொலி தெரியாது. அவருடைய அம்மாவுக்கு அது மட்டும்தான் தெரியும் போலிருந்தது. தேநீரைக் கையில் வாங்கியதும் ஆரம்பித்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமை நாடகம் கேக்குறீங்களா சம்பந்தி? அந்த மாமியாக்காரி நகைய தானே ஒளிச்சு வச்சிட்டு மருமகள திருடின்னுட்டாளே! வெளங்குவாளா அவ?"

"வெளங்கவே மாட்டா" என்றாள் என்னைப் பெற்றவள், என் முகத்தைப் பார்க்காமல். நான் கழுத்துத் துணிக்குள் வியர்த்துக்கொண்டிருந்தேன்.

சம்மதம் வந்தது. எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் முன்வந்து அறிவியுங்கள் என்று சாமியார் படிப்பார். நாடகத்தில் வாசலில் நின்று கத்துகிறவனுக்கு எங்கள் கோயிலில் முறைப்படி மூன்று முறை நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் ஓலையைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தேன். இரண்டாவது ஓலையில் "தடை ஏதும்" என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கழுத்தில் சுற்றிய துணி நினைவுக்கு வந்தது. அந்த மனிதரை எனக்குப் பிடித்திருந்தது, பொய்யில் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் பிடிக்கவில்லை. எப்படியும் உடையப்போகிற குட்டு, நானே உடைத்துவிடுகிறேன் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்து, புளோக்குக்குக் கீழே மளிகைக் கடையில் இருந்த காசு போடும் டெலிபோனில் கிளமெண்டி வீட்டைக் கூப்பிட்டேன்.

"ஹலோ, அத்தை இருக்காங்களா?"

அந்தப் பக்கத்திலிருந்து அத்தையின் குரல் பாய்ந்து வந்தது.

"நீ எதுக்குடி என் வீட்டுக்குப் போன் பண்ற? அந்தப் புள்ளையப் படுத்துறது பத்தலையா?"

"அத்தை, நான் பிடோக் பொண்ணு. எனக்குத் தொண்டை கட்டல. இதுதான் என் குரல். நாடகத்துல பேசுறதும் நான்தான்."

டெலிபோனை வைத்துவிட்டார். அந்த வாரம் முழுக்க அந்த வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அழைப்பிதழ் அச்சாகி வந்து அலமாரியில் கட்டோடு கிடந்தது. "சும்மா இருந்திருக்கலாம்லா" என்று அம்மா இரண்டு நாள் அழுதாள். தொழிற்சாலையில் நான் ஒட்டிய கம்பிகளில் பாதியை மேற்பார்வையாளர் திருப்பிக் கொடுத்தார்.

மூன்றாவது ஞாயிறு. சாமியார் ஓலையைப் படித்துவிட்டு ஒரு கணம் நிறுத்தினார். பின்னால் யாரோ நடந்து வரும் சத்தம், சிலிப்பர் சத்தம். என் பக்கத்தில் அப்பா இருமத் தொடங்கினார். கோயிலே திரும்பி எங்களைப் பார்த்தது. நானும் திரும்பினேன். தீர்த்தத் தொட்டிக்குப் பக்கத்தில், வேர்த்துப்போய், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் வருங்கால மாமியார் நின்றிருந்தார். அவருடைய பங்குக்கோயில் தீவின் மறுகோடியில் இருந்தது. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். சாமியார் அடுத்த அறிவிப்புக்குப் போனார். அத்தை எந்தத் தடையும் சொல்லவில்லை.

பூசை முடிந்ததும் மாதா சிலை வைத்த கெபிக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினார். அம்மா சற்றுத் தள்ளி முந்தானையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"எங்க, பேசு" என்றார்.

"என்ன பேச அத்தை?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தயாரிப்பாளர் மூடியதுபோல.

"அதே குரல்தான். என் மாமியாருக்கும் இதே குரல்தாம்மா. அன்னைக்குப் போன்ல கேட்டதும் தாங்க முடியல, வச்சிட்டேன்." சாய்ந்திருந்த ஒரு மெழுகுவத்தியை நிமிர்த்திவைத்தார். "பதினோரு வருசம் ஒரே ரூம்ல இருந்தோம், ரேஸ் கோர்ஸ் ரோட்டுல. என் கையால ஆக்குனத ஒரு நாள் நல்லாருக்குன்னு சொன்னதில்ல. மாசமா இருந்தப்போ என்னத் தண்ணி தூக்க வச்சாங்க, மொதக் கொழந்த தங்கல. கடைசி நாள்ல நான்தான் பக்கத்துல இருந்து எல்லாம் பாத்தேன். ஏதாவது சொல்லுவாங்கன்னு வாயையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஒண்ணும் சொல்லாம போயிட்டாங்க."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வெள்ளிக்கிழமைதோறும் உன்ன நான் ஏசாத ஏச்சில்ல. ஆனா கடைசி வாரம் நீ கால்ல விழுவ பாரு, அதுக்காகத்தான் உக்காந்து கேக்குறது. அந்த ஒரு வாரத்துக்காக மத்த பன்னெண்டு வாரத்தையும் கேப்பேன். இதுலயும் விழுவேல்ல?"

அப்பாவின் இருமலுக்கு நடுவே அம்மா மெல்ல வந்து, "கல்யாணம்... சம்பந்தி?" என்றாள்.

"கல்யாணத்துக்கு என்ன? அதான் மூணு ஓலையும் படிச்சாச்சே" என்றார் அவர், பார்வையை என்மேலிருந்து எடுக்காமல். பதிலுக்குக் காத்திருந்தார். நான் தலையாட்டி வைத்தேன்.

கடைசிப் பகுதியின் பதிவு செவ்வாய்க்கிழமை. நான் கேட்டு வாங்கிய முடிவு தட்டச்சில் என் கையில் இருந்தது. எட்டு நாடகத்தில் எனக்கென்று எழுதப்பட்ட ஒரே முடிவு. கதவைச் சாத்திக்கொண்டு போகிற மாமியாருக்கு அரைப்பக்க வசனம், அத்தனையும் மணிமணியாக இருந்தது, இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். அதைத் தயாரிப்பாளர் மேசைமேல் வைத்துவிட்டு, பழையபடி விழுந்துவிடுகிறேன் சார் என்றேன்.

"மூணு மாசம் என் உசுர வாங்குனது யாரு?"

"நான்தான் சார்."

"இப்ப என்ன வந்துச்சு?"

"ஒருத்தங்க கேக்குறாங்க சார்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு முனகிக்கொண்டே தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினார். தலையாட்டிவிட்டு வந்தாலும் நிலையத்துக்கு வரும்வரை மனசு ஒப்பவில்லை, அதனால் நான் வளையல் கொண்டுவரவில்லை. என் மருமகளான அக்கா தன் கையிலிருந்த வளையல்களைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். மைக் முன்னால் நின்றேன். பொய் என்று ஏழு தடவை நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன அதே வசனம். இந்த முறை சொல்லும்போது ஒரு சின்ன அறையும், கட்டிலும், வாயையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு முகமும் கண்ணுக்கு முன்னால் நின்றன. குரல் உடைந்தது. வயலின்காரர் தொடங்கப் போனார். தயாரிப்பாளர் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டார்.

அதுதான் என் கடைசி மாமியார். வேலை, பிள்ளைகள் என்று அப்புறம் நிலையத்துப் பக்கம் போக முடியவில்லை. அந்த வகை நாடகங்களும் கொஞ்ச காலத்தில் நின்றுவிட்டன. இப்போது கதைகளில் யாரும் யார் காலிலும் விழுவதில்லை, இருமுகிறவர்கள் நன்றாகப் பிழைத்துக்கொள்கிறார்கள். அதுதான் உண்மை, நானே கேட்டுச் சண்டை போட்ட உண்மை. இருந்தாலும் அந்த வளையல் சத்தத்தை நினைத்தால் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாடகம் ஒலிபரப்பானது. சனிக்கிழமை காலை எனக்குக் கல்யாணம். கோயில் வாசலில், உள்ளே போவதற்கு முன்னால், பெரியவர்கள் ஒவ்வொருவராக என் நெற்றியில் சிலுவை போட்டார்கள். அத்தை கடைசியாக வந்தார். பட்டுச்சேலை, புதுப்பூ, கண் இரண்டும் வீங்கியிருந்தன. அவருடைய கட்டைவிரல் என் நெற்றியிலேயே நின்றது.

"நேத்து கேட்டேன்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "மன்னிச்சிட்டேன்."