பின்கண்ணாடியைப் பார்த்தபடி லாயாங் லாயாங் வரை

காலை 7.40. எங்கள் ஊரான பத்து பாகாட்டிலிருந்து இரண்டு கார்கள் கிளம்பின. முன்னால் என்னுடைய பழைய கார், பின்னால் தங்கை வாணியின் சின்ன வெள்ளைக் கார். கோத்தா திங்கிக்கு அப்பால் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் அவளுக்கு ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. அன்று பகல் இரண்டு மணிக்குள் அங்கே போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

ஒரே காரில் போயிருக்கலாமே என்பீர்கள். அந்தத் தோட்டத்துக்குப் பஸ் கிடையாது, கார் அவள் கையோடு இருக்க வேண்டும். ஆனால் போன வருடம் மழையில் ஒரு லாரி பின்னாலிருந்து வந்து இடித்ததிலிருந்து வாணி எட்டு மாதமாக ஸ்டியரிங்கைத் தொடவில்லை. "அண்ணே, நீங்க முன்னால போங்க. கண்ணாடியில என்னைப் பாத்துக்கிட்டே போனீங்கன்னா நான் ஓட்டிருவேன்" என்றாள். இதென்ன பெரிய விஷயம் என்று நானும் பெரிய மனுஷனாட்டம் தலையாட்டினேன்.

8.30. ஆயர் ஹீத்தாம், முப்பத்து மூன்று கிலோமீட்டர். மூன்று வெள்ளிக்கு (ரிங்கிட்தான்) நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு சாப்பிட்டோம். குளுவாங்கிலிருந்து கோத்தா திங்கிக்குப் போகும் நேர் சாலையில் தண்ணீர் ஏறிவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார். ஆகவே சிம்பாங் ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று சுற்றிப் போக முடிவு செய்தோம்.

9.20. சிம்பாங் ரெங்கத்தை நெருங்கும்போது மழை கொட்டித் தீர்த்தது. என் காரின் பின்கண்ணாடி உட்புறம் ஆவி படிந்து பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிட்டது. அதைத் துடைக்கத்தான் கண்ணாடியில் மெல்லிய கம்பிக் கோடுகள் பதித்திருக்கிறார்கள், பித்தானை அழுத்தினால் சூடேறி ஆவியை விரட்டும். அழுத்தினேன். ஆரஞ்சு விளக்கு அழகாக எரிந்தது, கண்ணாடி அசைந்து கொடுக்கவில்லை. பக்கக் கண்ணாடிகளில் மழைத்துளி தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஒரு பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கி நின்றேன்.

கால் மணி நேரம் கழித்துத்தான் வாணி வந்து சேர்ந்தாள். நனைந்தபடியே இறங்கி வந்தாள். "லைட் அடிச்சு லைட் அடிச்சுக் கூப்பிட்டேன். நீங்க பாக்கவே இல்ல."

"கண்ணாடி தெரியல, வாணி."

"பாக்குறேன்னு சொன்னீங்கல்ல?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. காரை விற்ற தரகரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இதைச் சரி பண்ணாமல் இனி ஒரு அடி நகர்வதில்லை என்று சொன்னாலும் அங்கே பட்டறை இல்லை. லாயாங் லாயாங் வரை நாற்பது வேகத்தில் ஊர்ந்தோம்.

10.30. ரயில் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பட்டறை. கார் வயரிங் பார்க்கும் செல்வத்துக்கு என் வயதுதான் இருக்கும். பியூஸைக் கழற்றிப் பார்த்தார், நன்றாக இருந்தது. கண்ணாடியின் ஓரத்தில் மின்சாரம் அளக்கும் மீட்டரின் முனையை வைத்தார். "பன்னெண்டு வோல்ட் வருது. அப்புறம் ஏன் சூடாகல?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, ஒரு கோட்டின் மேல் அந்த முனையை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். கண்ணாடி நடுவில் நான் ஒட்டியிருந்த பெரிய வேல் ஸ்டிக்கரைத் தாண்டியதும் மீட்டர் பூஜ்யத்துக்கு விழுந்தது. அடுத்த கோடும் அதே இடத்தில் செத்திருந்தது.

"அலமாக்! இதை உள்பக்கம் ஒட்டினது யாரு?"

"நான்தான். வெளிய ஒட்டினா மழையில உரிஞ்சு போயிருதுல்ல."

"இதுக்கு முந்தி பழசு இருந்திச்சா? எதால சொரண்டுனீங்க?"

"பிளேடால."

செல்வம் சிரித்த சிரிப்பில் வாணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தைப்பூசத்துக்கு முன்னால் நான் பயபக்தியோடு பழைய வேல் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தபோது, மேலிருந்து கீழ் வரை பத்துக் கோடுகளையும் சேர்த்து அறுத்திருக்கிறேன். வேறு யாராவது செய்திருந்தால் சும்மா விட்டிருப்பேனா?

புது ஸ்டிக்கரை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. "சாமி கோவிச்சுக்க மாட்டாரு லா. டேஷ்போர்டுல நிக்கட்டும்" என்றார் செல்வம். முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டியதும் வேல் முழுசாக வந்தது. அறுந்த ஒவ்வொரு கோட்டுக்கும் மேலும் கீழும் டேப் ஒட்டி, நடுவே வெள்ளிப் பூச்சைத் தடவினோம். மின்சாரம் பாய விடும் பூச்சு அது. பாதிக் கோடுகளை நானே பிடிவாதமாகப் பூசினேன்.

11.50. "ஒரு மணி நேரம் காயணும்" என்றார் செல்வம். இன்னும் எழுபது கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. இந்த மழையில் ஒன்றரை மணி நேரமாவது ஆகும்.

வாணி சாவியை எடுத்தாள். "நான் கெளம்புறேன் அண்ணே. உங்க கண்ணாடி காயுற வரைக்கும் என் வேலை காத்திருக்காது."

"அப்ப நீ முன்னால போ. நான் இப்பவே பின்னால வர்றேன்."

"வேணாம். பின்னால லைட் தெரிஞ்சா எனக்குக் கை ஓடாது."

அவள் கார் தண்டவாளத்தைத் தாண்டித் திரும்பும்வரை மழையிலேயே நின்றேன்.

12.55. பித்தானை அழுத்தினேன். மூன்று நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கோடு கோடாக ஆவி விலகத் தொடங்கியது. பத்தில் எட்டுக் கோடுகள் உயிர் பெற்றிருந்தன. செல்வத்துக்கு அறுபது வெள்ளி கொடுத்துவிட்டுப் பறந்தேன்.

1.35. கூலாய்க்கு முன்னால் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிற்கும்போது போன் வந்தது.

"அண்ணே, கையெழுத்துப் போட்டாச்சு!"

"பயந்தியா?"

"ரொம்ப. ஆனா ஓட்டிட்டேன்."

"இரு, ஒரு மணி நேரத்துல வந்திர்றேன்."

"மழையில ஏன் அலையுறீங்க? வீட்டுக்குப் போங்க. சனிக்கிழமை நானே வர்றேன்."

"யாரு முன்னால வருவா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"யாரும் வேணாம் அண்ணே."

சந்தோஷத்தில் கண் கலங்கியது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது, ஏன் மறைக்க வேண்டும்? கோத்தா திங்கி ஆற்றோரம் எப்படி இருக்கும் என்று இந்தப் பயணக் குறிப்பில் எழுத நினைத்திருந்தேன், ஊரைப் பார்க்காமலேயே காரைத் திருப்பினேன்.

பத்து பாகாட் வரை மழை விடவில்லை. பழக்க தோஷத்தில் நிமிடத்துக்கு ஒரு முறை கண் பின்கண்ணாடிக்குப் போனது. எல்லாம் நன்றாகவே தெரிந்தது. ஈரச் சாலை, செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லாரி, அவ்வளவுதான்.